பத்துக் கட்டையும் ஒரு பொதுக்குழுவும்

புனேயில் மழைக்காலத்துச் சனிக்கிழமைகளில் குழந்தைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது ஒரு பெரிய பிரச்சினை. மால்தான் கதி. மாலுக்குப் போனால் மேல்மாடியில் பவுலிங். "பவுலிங் போயிட்டு வந்தோம்மா" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், அம்மா "பேட்டிங் யாருடா?" என்று கேட்கிறார். நம்ம வீடுகளில் இந்த விளையாட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை :-)

பையன் "இது யாருப்பா கண்டுபிடிச்சா?" என்று கேட்டதால் தேட ஆரம்பித்தேன். தேடிப்போய் கடைசியில் நின்றது வேறு இடத்தில். பந்து, கட்டை, ஸ்கோர் எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு கூட்டம். அமெரிக்காவில் வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஊரில் தேசியப் போட்டி நடக்கும். நாடு முழுக்க இருந்து சாதாரண ஆட்கள் ரயில் ஏறி வருவார்கள். விளையாடுவதோடு சேர்த்து ஒரு பொதுக்குழுவும் உண்டு. அந்தப் பொதுக்குழுவில் கை தூக்கினவர்கள்தான், அந்த நாட்டில் யார் இந்த விளையாட்டை ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று 34 வருஷம் தீர்மானித்தார்கள். வெளியூரில் பிழைக்கிற நமக்கு இந்தக் கதையில் தெரிந்த முகங்கள் நிறைய உண்டு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கொண்டுவந்தவர்கள் யார்?

கட்டைகளை நிறுத்தி வைத்துப் பந்தை உருட்டித் தள்ளுகிற ஆட்டம் ஐரோப்பாவில் ரொம்பப் பழசு. அமெரிக்காவில் அதை ஊர் ஊராக வேரூன்ற வைத்ததில் பெரிய பங்கு ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களுக்கு. 19-ம் நூற்றாண்டில் லட்சக்கணக்கில் வந்து இறங்கிய ஜெர்மானியர்கள், நியூயார்க், சிகாகோ, மில்வாக்கி, செயிண்ட் லூயிஸ் என்று போன இடத்தில் எல்லாம் மூன்று விஷயங்களை உடனே ஏற்பாடு செய்துகொண்டார்கள்: பீர், பாட்டுக் குழு, கட்டை ஆட்டம். நாம் போன ஊரில் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மெஸ், ஒரு சங்கம் ஏற்பாடு செய்துகொள்கிற மாதிரிதான்.

அவர்கள் ஊரில் அது ஒன்பது கட்டை. அமெரிக்காவில் பத்து கட்டை ஆயிற்று. ஏன் என்பதற்கு ஒரு சுவாரசியமான கதை சொல்வார்கள்: சூதாட்டம் தலைக்கு மேலே போனதால் 1841-ல் கனெக்டிகட் மாநிலம் ஒன்பது கட்டை ஆட்டத்தைத் தடை செய்தது, உடனே நம்ம ஆட்கள் மாதிரி யாரோ ஒரு மூளைக்காரர் பத்தாவது கட்டையைச் சேர்த்துச் சட்டத்தை ஏமாற்றினார் என்று. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன்பே பத்துக் கட்டை ஆட்டம் இருந்திருக்கிறது என்பதால் அப்படியே நம்ப முடியாது.

நியூயார்க்கில் ஜோ தும் என்று ஒருவர். ஜெர்மானியக் குடியேறி, உணவுக்கடை முதலாளி. 1886-ல் தன் கடையின் நிலவறையில் பவுலிங் பாதைகள் போட்டார். கூட்டம் அள்ளியது. ஆனால் ஆட்டத்துக்கு ஒரே விதி கிடையாது. ஒரு ஊரில் பந்து ஒரு எடை, இன்னொரு ஊரில் வேறு எடை. கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி வேறு, ஸ்கோர் எண்ணும் முறையே வேறு. ஒரு ஊர் அணி இன்னொரு ஊருக்குப் போனால் முதல் ஒரு மணி நேரம் சண்டைதான்.

இதைச் சரி பண்ண ஜோ தும் போன்றவர்கள் பல ஊர்க் கிளப்காரர்களை அழைத்து, 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கின் பீத்தோவன் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். மண்டபத்தின் பெயரைப் பாருங்கள், யாருடைய பேட்டை என்று தெரியும். அங்கே பிறந்ததுதான் அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ். பாதை 60 அடி, பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, முழு ஸ்கோர் 300 என்று இன்றைக்கு மாலில் நாம் ஆடுகிற கணக்கு அந்தக் காலத்தில் ஒழுங்கு செய்யப்பட்டதுதான். ஆக இந்த விளையாட்டின் சட்டம் பிறந்தது மைதானத்தில் இல்லை. நாற்காலி போட்டு, தலைவர் செயலாளர் தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தில்.

ரயில் ஏறி வந்தவர்கள்

முதல் தேசியப் போட்டி 1901 ஜனவரியில் சிகாகோவில் நடந்தது. 9 மாநிலங்கள், 17 ஊர்களிலிருந்து 41 அணிகள். மொத்தப் பரிசு 1,592 டாலர். சிகாகோ ஜனவரிக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே ஆன்சைட் போய் வந்த நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதில் ரயில் ஏறிப் போய்க் கட்டை தள்ளியிருக்கிறார்கள் என்றால் ஆர்வம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! அடுத்த வருஷம் பஃபலோ, அதற்கடுத்து இண்டியானாபொலிஸ், பிறகு கிளீவ்லாந்து, மில்வாக்கி என்று போட்டி ஊர் ஊராக நகர ஆரம்பித்தது.

இந்தப் போட்டியின் ஏற்பாடே தனி. ஒலிம்பிக் மாதிரித் தகுதிச் சுற்று கிடையாது. சங்கத்தில் உறுப்பினராக இருந்து, நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். கசாப்புக் கடைக்காரர், தபால்காரர், ஆலைத் தொழிலாளி யார் வேண்டுமானாலும் வரலாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு அணி ஆட்டம், இருவர் ஆட்டம், தனியாள் ஆட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று, ஆக மொத்தம் 9 ஆட்டம். இரண்டு நாளில் முடித்துவிட்டு ஊர் திரும்பலாம்.

இங்கே எதிராளி என்று யாரும் இல்லை, கட்டைதான் எதிராளி. அதனால் எல்லோரும் ஒரே நாளில் ஆட வேண்டியதில்லை. இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று போட்டி வாரக்கணக்கில் ஓடும். முதல் வாரத்தில் ஆடி முதலிடம் பிடித்தவர், வீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்துக்கொண்டே, தன் ஸ்கோரை யாராவது தாண்டிவிட்டார்களா என்று தினமும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற அதே வயிற்றுக் கலக்கம்.

பெரிய மண்டபமோ, படைக் கொட்டகையோ பிடித்து, அந்த ஒரு போட்டிக்காகவே புதிதாக மரப்பாதைகள் போடுவார்கள். முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். போட்டியைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர நகரங்களுக்குள் அடிதடி. ஆயிரக்கணக்கான பேர் வந்து தங்கி, சாப்பிட்டு, செலவழித்தால் எந்த ஊர்தான் விடும்?

அந்த ஐந்து பேருக்கு அது வருஷத்தில் ஒரு தடவை வீட்டை விட்டுக் கிளம்புகிற பயணம். ஐந்து பேரும் வருஷா வருஷம் அதே ஐந்து பேர். இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் ஊர்க்காரர் பில் டோர்மன் என்பவர் 1908-ல் முதன்முதலாகப் போனார். கடைசியாகப் போனது 1981-ல். இரண்டாம் உலகப் போரால் போட்டி நடக்காத 1943, 1944, 1945 மூன்று வருஷங்களைத் தவிர ஒரு வருஷம் விடவில்லை. மொத்தம் 71 போட்டிகள்! நம்மில் எத்தனை பேர் ஒரு பொங்கலைக் கூட விடாமல் ஊருக்குப் போயிருக்கிறோம் சொல்லுங்கள்.

போட்டி நடக்கிற ஊரிலேயே பொதுக்குழு. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பிரதிநிதிகளை அனுப்பும். பந்தின் எடை, கட்டையின் அளவு, அடுத்த போட்டி எந்த ஊர், கட்டணம் எவ்வளவு என்று எல்லாம் அங்கே வாக்கெடுப்பில் முடிவாகும். முதலாளி யாரும் கிடையாது. ஆடுகிறவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே சட்டம் போடுகிறவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இங்கேதான் கதை திரும்புகிறது.

விதிப் புத்தகத்தில் இரண்டு சொற்கள்

1916-ல் அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸின் சட்டத்தில் உறுப்பினர் தகுதி "வெள்ளை ஆண்கள்" என்று இருந்தது. இரண்டே சொற்கள்.

பெண்கள் அதே வருஷம் தங்களுக்கென்று ஒரு வழி தேடிக்கொண்டார்கள். 1916 நவம்பரில் செயிண்ட் லூயிஸ் நகரில், டென்னிஸ் ஸ்வீனி என்பவருடைய பவுலிங் கூடத்தில், பல ஊர்களிலிருந்து 40 பெண்கள் போட்டிக்காகக் கூடினார்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஒரு தேசியச் சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பின்னாளில் உமன்ஸ் இண்டர்நேஷனல் பவுலிங் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது அதுதான். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்தது 1920-ல். அதற்கு நாலு வருஷம் முன்பே இவர்கள் தலைவர், செயலாளர், தீர்மானம் என்று நடத்தியிருக்கிறார்கள். ஆனால் இவர்கள் சங்கத்திலும் வெள்ளையர் மட்டும்தான்.

"சங்கத்தில் சேராவிட்டால் என்ன, கூடத்தில் போய் ஆடிவிட்டு வர வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். பல கூடங்களில் கறுப்பினத்தவரை உள்ளேயே விடுவதில்லை என்பது ஒன்று. விட்டாலும், சங்க அங்கீகாரம் இல்லாத ஆட்டம் கணக்கில் வராது. நீங்கள் 300 அடித்தாலும் அது அடித்ததாக எங்கும் பதிவாகாது. பரிசு கிடையாது, சான்று கிடையாது. வருஷாந்திரப் பயணமும் கிடையாது. ஊருக்குள் பெரிய ஆட்டக்காரராக இருந்துகொண்டே, நாட்டின் கணக்கில் இல்லாத ஆள்.

இன்னொரு கொடுமை. அந்தக் காலத்தில் விழுந்த கட்டையைத் தானாக நிமிர்த்தும் மெஷின் கிடையாது. பாதையின் கோடியில் பள்ளத்தில் பையன்கள் உட்கார்ந்து கையால் எடுத்து நிறுத்துவார்கள். பல கூடங்களில் அந்த வேலைக்குக் கறுப்பினப் பையன்கள் வேண்டும், ஆடுவதற்கு வேண்டாம். தானியங்கி மெஷினை ஏஎம்எஃப் கம்பெனி 1946-ல் பஃபலோ போட்டியின்போது காட்டியது. 1952-ல் அது அங்கீகாரம் பெற்ற பிறகுதான் அந்தப் பள்ளம் காலியாக ஆரம்பித்தது.

தனியாகப் போட்டி நடத்தியவர்கள்

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நோக்கி வந்தார்கள். டெட்ராய்ட் கார் ஆலை, சிகாகோ இறைச்சி ஆலை, கிளீவ்லாந்து இரும்பு ஆலை. இவர்களும் பிழைக்க ஊர் மாறியவர்கள்தான். 1933-ல் மதுவிலக்கு முடிந்தபின் பீர்க் கம்பெனிகள் பவுலிங் அணிகளுக்குப் பணத்தை இறைத்தன. ஆலைக்கு ஆலை லீக் வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் ஆலைக்காரர்கள் பவுலிங் போவார்கள். ஒரே மெஷினில் பக்கத்தில் நின்று வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி மட்டும் வீட்டுக்குப் போவார்.

1939 ஆகஸ்டில் டெட்ராய்ட் நகரில் சில ஊர்களின் கறுப்பின ஆட்டக்காரர்கள் கூடினார்கள். நேஷனல் நீக்ரோ பவுலிங் அசோசியேஷன் அங்கே பிறந்தது. விண்ஸ்டன் பிரவுன் முதல் தலைவர். அதே வருஷம் கிளீவ்லாந்தில் முதல் போட்டி. சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிளீவ்லாந்து ஜே. எல்மர் ரீட், ஆடக் கூடம் இல்லை என்றால் நாமே கட்டுவோம் என்று சொந்தக் கூடம் கட்டுவதிலும் இறங்கினார். 1944-ல் சங்கத்தின் பெயரிலிருந்து இன அடையாளத்தை எடுத்துவிட்டு, தி நேஷனல் பவுலிங் அசோசியேஷன் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இவர்களுக்கு வெளியூர் போட்டி என்றால் கிளம்புவதற்கு முன்பே ஒரு கேள்வி உண்டு: ராத்திரி எங்கே தங்குவது? வெள்ளையர் ஓட்டல்களில் அறை கிடைக்காது. விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936-லிருந்து வெளியிட்ட கையேடு ஒன்று உண்டு. கறுப்பினப் பயணிகளை எந்த ஊரில் எந்த விடுதி, எந்த வீடு ஏற்றுக்கொள்ளும் என்ற பட்டியல். கிரீன் புக் என்று பெயர். பணம் வாங்கிக்கொண்டு தங்க இடம் கொடுக்கும் தனி வீடுகளும் அதில் இருக்கும். வெளியூரில் "எங்க வீட்ல தங்கிக்கங்க" என்று ஒரு குரல் கேட்டால் என்ன நிம்மதி என்று, புது ஊரில் பெட்டியோடு நின்ற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானிய அமெரிக்கர்களின் கதை இன்னும் கொடுமை. 1942-ல் அமெரிக்க அரசு மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலை விட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அதில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்களுடைய அமைப்பான ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் லீக், தன் தலைமையகத்தை அப்போது சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றிக்கொண்டது. போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, வாழ்க்கையை முதலிலிருந்து ஆரம்பித்த அந்த மக்கள் 1947-ல் அதே சால்ட் லேக் சிட்டியில் தங்களுக்கென்று ஒரு தேசிய பவுலிங் போட்டி நடத்தினார்கள். ஐரோப்பாவில் அமெரிக்க ராணுவ உடையில் சண்டை போட்டுத் திரும்பிய பையன்கள் அந்தச் சமூகத்தில் நிறைய. பதக்கம் வாங்கலாம், ஆனால் தேசியப் போட்டியில் பந்து உருட்ட முடியாது.

மூன்று பொதுக்குழு

1947-ல் ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் பெரிய லீகில் இறங்கினார். அதை எல்லோரும் அறிவார்கள். பவுலிங் கதை பலருக்குத் தெரியாது. எனக்கு இதுதான் கஷ்டமான போராட்டமாகத் தெரிகிறது. பேஸ்பாலில் ஒரு கிளப்பின் மேலாளர் துணிந்து முடிவெடுத்தால் ஒரு கதவு திறந்துவிடும். பவுலிங்கில் அப்படி முடிவெடுக்க ஒரு ஆள் கிடையாது. மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிற சாதாரண உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பயம், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், ஒரு "நம்ம லீகைக் கெடுத்துடுவாங்களோ" இருக்கும்.

1947-ல் பவுலிங்கில் நியாயம் கேட்டு ஒரு தேசியக் குழு அமைந்தது. அதன் இணைத் தலைவர்களில் ஒருவர் அப்போதைய மினியாபொலிஸ் மேயர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி. பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனவர். கார் ஆலைத் தொழிலாளர் சங்கம் முன்னால் நின்றது. அந்தச் சங்கத்தின் பொழுதுபோக்குப் பிரிவை நடத்திய ஓல்கா மேடார் என்ற பெண்மணிதான் இதில் முக்கியமான ஆள். சிகாகோவின் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர், கறுப்பினத்தவர் உரிமை அமைப்புகள், ஜப்பானிய அமெரிக்க லீக் எல்லோரும் சேர்ந்தார்கள். வெள்ளையர் ஆட்டத்தில் கறுப்பினத்தவரும் ஜப்பானியரும் கத்தோலிக்கரும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

1948-ல் பொதுக்குழு டெட்ராய்டில். தொழிற்சங்கத்தின் சொந்தக் கோட்டை. கார் ஆலை ஊரிலேயே தீர்மானம் தோற்றது. தொழிற்சங்கம் சும்மா இருக்கவில்லை. எந்த இனத்தவரும் ஆடலாம் என்று தானே திறந்த போட்டிகளை நடத்திக் காட்டியது. 1949-ல் பொதுக்குழு அட்லாண்டிக் சிட்டியில். அங்கேயும் விதி மாறவில்லை.

இதற்குள் வழக்குகள் கிளம்பின. இல்லினாய் மாநிலத்தில்தான் அடி விழுந்தது. 1950-ல் சிகாகோ நீதிபதி ஒருவர் அமெரிக்கன் பவுலிங் காங்கிரசுக்கு 2,500 டாலர் அபராதம் போட்டார். விதியை மாற்றாவிட்டால் பதிவே ரத்தாகும் என்ற நிலைமை. வேறு மாநிலங்களிலும் வழக்குகள் காத்திருந்தன. அந்த வருஷம் மே மாதம் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் பொதுக்குழு கூடியது. "வெள்ளை ஆண்கள்" என்பதில் முதல் சொல் போயிற்று. பெண்கள் சங்கமும் அதே வருஷம் தன் விதியை மாற்றிக்கொண்டது.

மனசாட்சியா, கோர்ட்டுக்குப் பயமா? கோர்ட்டு என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் முன்பு மாட்டோம் என்று கை தூக்கியவர்களில் பலர் கொலம்பஸிலும் இருந்திருப்பார்கள். ஆனால் வருஷா வருஷம் தீர்மானத்தைக் கொண்டுபோய் வைத்துத் தோற்றுக்கொண்டே இருந்தவர்கள் இல்லாமல் இருந்திருந்தால், கோர்ட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தே இருக்காது.

1951-ல் போட்டி செயிண்ட் பால் நகரில். ஹம்ஃப்ரி மேயராக இருந்த மினியாபொலிஸுக்கு ஆற்றுக்கு அக்கரை ஊர். டெட்ராய்டிலிருந்து ஆலன் சூப்பர்மார்க்கெட் என்ற கடையின் பெயரில் ஒரு கறுப்பின அணி அங்கே போய் இறங்கியது. பில் ரோட்மன், லாவர்ட் கிரிஃபின் முதலியோர் அதில் ஆடினார்கள். அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸ் போட்டியின் 50 வருஷச் சரித்திரத்தில் அப்படி ஒரு அணி முதல் தடவை. பில் டோர்மன் 1908-லிருந்து சாதாரணமாகச் செய்துகொண்டிருந்த பயணத்தை இவர்கள் செய்ய 1951 ஆயிற்று.

சொந்தக் கூடம் கட்டினவர்களில் ஒருவரான ஜே. எல்மர் ரீட் 1978-ல் அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸின் கௌரவப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அதில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 2005-ல் ஆண்கள் சங்கம், பெண்கள் சங்கம், இளைஞர் அமைப்பு எல்லாம் ஒன்றாகி யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் என்று ஆனது. 1939-ல் பிறந்த கறுப்பினச் சங்கம் மட்டும் கலையவில்லை. கதவு திறந்தபிறகும் தன் போட்டிகளைத் தானே நடத்தி வருகிறது. வேறு வழி இல்லாமல் கட்டிய வீடு என்றாலும், கட்டியபின் அது சொந்த வீடுதானே.

தனியாக ஆடுகிற காலம்

ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார், 2000-ல் அதைப் புத்தகமாக்கினார். பவுலிங் அலோன் என்று பெயர். 1980-க்கும் 1993-க்கும் நடுவில் அமெரிக்காவில் பவுலிங் ஆடுகிறவர்கள் 10 சதவீதம் கூடினார்கள், ஆனால் லீகில் சேர்ந்து ஆடுவது 40 சதவீதம் குறைந்துவிட்டது என்றார். மக்கள் சங்கம், கூட்டம், குழு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனித்தனியாகப் போகிறார்கள் என்பது அவருடைய கவலை.

எனக்கு அந்தக் கவலை புரிகிறது. புனே மாலில் நான் பார்ப்பதும் அதுதான். பணம் கட்டு, ஷூ வாங்கு, இரண்டு ஆட்டம் ஆடு, பக்கத்துப் பாதையில் யார் என்று தெரியாமலே வீட்டுக்குப் போ. ஆனால் அந்தப் பழைய லீக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும்போது, கொலம்பஸுக்கு முந்தைய பொதுக்குழுக்களையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். ஒன்றாகச் சேர்ந்து ஆடின அந்த மக்கள் ஒன்றாகச் சேர்ந்துதான் மற்றவர்களை வெளியே நிறுத்தினார்கள். அதில் பலர் ஜெர்மன் பெயர் கொண்டவர்கள். தாத்தா பெட்டியோடு வந்து இறங்கியபோது "நீ யாரு, எங்கிருந்து வர்றே" என்று கேள்வி கேட்கப்பட்டவர்களின் பேரன்கள். அந்தக் கேள்வியை அடுத்தவரிடம் கேட்க இரண்டு தலைமுறைதான் ஆயிற்று.

நாமும் போகிற ஊரில் எல்லாம் சங்கம் வைக்கிறவர்கள். பொங்கல் விழாவுக்குக் கூட்டம் நிரம்பி வழியும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு இருபது பேர் வருவோம். அந்த இருபது பேர் போடுகிற விதிதான் மீதி எல்லோருக்கும். யார் உறுப்பினர் ஆகலாம், வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு ஓட்டு உண்டா, இங்கேயே பிறந்து தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு இடம் உண்டா, வேறு மொழிக்காரரைக் கல்யாணம் செய்தவர் குடும்பத்தோடு வரலாமா, ஊரில் எந்தத் தெரு என்று யாராவது சுற்றி வளைத்துக் கேட்கிறார்களா... எல்லாம் அந்த வடை காபிக் கூட்டத்தில் முடிவாகிற விஷயங்கள். எழுதின விதியை விட எழுதாத விதி நம்மிடம் அதிகம் என்பது வேறு.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் விதிப் புத்தகம் செயலாளர் வீட்டு அலமாரியில் எங்காவது இருக்கும். அடுத்த பொதுக்குழு நோட்டீஸ் வந்தால், ஒரு தடவை வாங்கி, உறுப்பினர் தகுதி என்ற பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். அதில் யாராவது விட்டுப்போயிருந்தால் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். முதல் தடவை தோற்கத்தான் செய்யும்.